பெட்டிக்கு வேர்க்காது

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டிக் கிடந்த எங்கள் படுக்கையறைக்குள் யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

க்ளக். க்ளக். களகளகள. க்ளக்.

நான் பயந்த சுபாவம். கான்வென்ட்டில் படிக்கும்போது பிரேயர் மணி கொஞ்சம் பலமாக அடித்தாலே பக்கத்தில் நிற்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்வேன். குழந்தை பிறந்த பிறகு அவள் பயப்பட வேண்டியதையும் சேர்த்து நானே பயப்படுகிறேன். எட்டு மாதப் பாப்பாவை இடுப்பில் இறுக்கி, பூரிக்கட்டையை ஓங்கியபடி கதவில் காதை வைத்தேன். திருடன் என்றால் எதற்கு இத்தனை தண்ணீர் குடிக்கிறான்? ஸ்ரீரங்கத்து வெயிலில் மூன்று மாடி ஏறி வந்த களைப்பா?

பால் வாங்கப் போயிருந்த என் கணவர் வளவனுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, நம்ம ரூமுக்குள்ள யாரோ தண்ணி குடிக்கிறாங்க!"

"குடிக்குதா?" குரலில் அப்படி ஒரு பூரிப்பு. பாப்பா முதன்முதலில் குப்புற விழுந்தபோதுகூட அவர் இப்படிப் பூரிக்கவில்லை. "விட்டு விட்டுக் குடிக்குதா, ஒரே மூச்சா குடிக்குதா?"

"யாருங்க அது?"

"நம்ம பொட்டிதான் யமுனா. லீக் டெஸ்ட் போட்டுட்டு வந்தேன். கதவைத் தொறந்துடாதே, பாப்பா ஸ்க்ரூவை முழுங்கிடும்."

பெட்டி. ஐந்து வாரமாக என் வாழ்க்கை அந்தப் பெட்டிக்கு வெளியேதான் நடக்கிறது.

அவருக்குத் திருவெறும்பூரில் ஒரு பாய்லர் பட்டறையில் இன்ஸ்பெக்டர் வேலை. பகலெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற பாய்லரைச் சோதிப்பார். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை வைத்துக் கம்ப்யூட்டரைக் குளிர வைப்பார். சித்திரை முதல் தேதி காலையில், கையில் வேப்பம்பூப் பச்சடிக் கிண்ணத்தோடு, அந்தப் பிரகடனம் வந்தது.

"யமுனா, என் காலேஜ் காலத்து கம்ப்யூட்டர் கேபினெட்டை வெட்டி, உள்ள ட்யூப் விட்டு, தண்ணி ஓட வைக்கப் போறேன். சூட்டை எல்லாம் தண்ணி இழுத்துட்டு மேல வந்துடும். மேல மூணு ஃபேன். ஒரே வாரம்!"

"கடையில ரெடிமேடா கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா அது கடைப் பொட்டி!"

வெட்டினால் இரும்புத்தூள் பறக்கும். ஸ்க்ரூ சிதறும். பாப்பா தவழ்கிற வயது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆகவே பெட்டி படுக்கையறைக்குப் போனது. அவரும் கூடவே போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். நானும் பாப்பாவும் ஹாலுக்கு வந்தோம். இந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு ஏசி. அது படுக்கையறையில்.

"பாப்பா முதுகைப் பாருங்க, சிவந்து கிடக்கு. எனக்கும் ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டுது."

"உனக்கு வேர்க்குது யமுனா. அதனால தானா குளிர்ந்துடும். பொட்டி பாவம், அதுக்கு வேர்க்காதே!"

பொறாமை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, அதுவும் ஒரு தகரப் பெட்டியின் மேல். ஆனால் நீங்களே சொல்லுங்கள். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், கேன் கேனாக. எங்களுக்குக் குழாயில் வருகிற காவிரி. காவிரித் தண்ணீர் விட்டால் ட்யூபில் பாசி பிடித்துவிடுமாம்.

"எங்களுக்குப் பிடிக்காதா?"

"உங்க ட்யூப் வெளியில தெரியாதே!"

வெட்டின ஓட்டையின் விளிம்பு ட்யூபைக் கீறிவிடக் கூடாது என்று உப்புத்தாளை வைத்து மூன்று நாள் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். என் கொலுசுத் திருகு குத்துகிறது என்று நான் மாசி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அந்தக் கொலுசை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

போதாக்குறைக்கு ஃபெமினா.

ஃபெமினா தில்லை நகரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறவள். இவருக்கு ட்யூப், பம்ப், எல்லாம் அவள் கடையில்தான். தினமும் குரல் மெசேஜ் வரும். "சூப்பர்! இந்தப் பொறுமை யாருக்கு வரும்!" என்று ஒரு நாள் கேட்டேன். பொறுமையா? டயப்பர் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று இரண்டாவது நிமிஷமே என்னைக் கூப்பிடுகிற மனிதருக்கா?

பெட்டி தண்ணீர் குடித்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், பம்ப் வந்த டப்பாவின் மேல் அச்சடித்திருந்த கடை நம்பருக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டிய நான்கு கேள்விகளைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். குரலை எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வளவன் வீட்டுலேருந்து பேசறேன்."

"யமுனா அக்காவா? பாப்பாவுக்கு வேர்க்குரு எப்படிக்கா இருக்கு? அண்ணா சொன்னாங்க."

அண்ணா! நான்கு கேள்வியும் காலண்டரோடு நின்றுபோயின.

"எப்படி இருக்கும்? ஹால்ல படுத்தா?"

"ஏன்க்கா, ஏசி ரிப்பேரா?"

"நல்லா ஓடுது. பொட்டிக்கு."



"அக்கா, லீக் டெஸ்ட்டை எங்க வேணா போடலாம். அடுத்தது சூட்டு டெஸ்ட். பொட்டியை முழு வேகத்துல ஓட்டி எவ்வளவு சூடாகுதுன்னு பாக்கணும். அதையும் ஏசி ரூம்லயா பண்ணப் போறாங்க?"

"ஆமா. இருபத்திமூணு டிகிரி."

"ஏசில வச்சா எந்தப் பொட்டிதான் சூடாகும்? எங்க வீட்டுல என் கம்ப்யூட்டர் அடுப்படிக்குப் பக்கத்துல இருக்குக்கா."

"இதை அவர்கிட்ட சொல்லலையா நீ?"

"எந்த ரூம்னு அண்ணா சொல்லவே இல்லையே!"

எப்படிச் சொல்வார்?

"சாயங்காலம் கூப்பிட்டா சொல்லுவியா?"

"சொல்லுவேன்க்கா." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் பொறாமையில் பாதி கரைந்தது. மீதிப் பாதி பெட்டிக்கு என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆறரைக்கு வந்தவர் நேராக அறைக்குள் போனார். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் விரித்திருந்த டிஷ்யூ தாளை எடுத்து நெற்றியில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது. ஒரு ஃபாரத்தோடு வெளியே வந்தார்.

இதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம். செய்தவர் கையெழுத்து மட்டும் செல்லாது. அந்தப் பொருளில் கையே வைக்காத ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் டெஸ்ட் முடிந்த கணக்கு. வீட்டிலும் அப்படியே. குக்கருக்கு கேஸ்கட் மாற்றினால்கூட நான் விசில் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை கேட்காமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க போடு. அடுத்தது சூட்டு டெஸ்ட், அதுக்கும் இப்பவே போட்டுடு. எப்படியும் பாஸ்தான்."

முதல் கையெழுத்தைப் போட்டேன். இரண்டாவதற்கு முன்னால் வாசித்தேன்.

"இதென்னங்க? 'சோதனை, உபயோகத்தில் வரக்கூடிய மிகக் கடுமையான நிலையில் நடத்தப்பட வேண்டும்.'"

"அது எல்லா ஃபாரத்துலயும் இருக்கும்."

"நீங்க படுக்கையறை, இருபத்திமூணு டிகிரின்னு எழுதியிருக்கீங்களே. நம்ம வீட்டுல மிகக் கடுமையான நிலை எது?"

"எது?"

"ஹால்."

ஃபாரத்தைப் பிடுங்கி அந்த வரியை அவரே ஒரு தடவை வாசித்தார்.

"யமுனா, உனக்கு இதெல்லாம் புரியாது. இரு, ஃபெமினாகிட்ட கேப்போம். ஸ்பீக்கர்ல போடறேன், நீயே கேளு."

நானே கேட்டேன்.

"அய்யய்யோ அண்ணா, ஏசி ரூம்லயா?" என்றாள் ஃபெமினா. "அந்த ரிசல்ட்டை வெளிய சொல்லிடாதீங்க. ஹால்ல வச்சு ஓட்டுங்க. பகல், ராத்திரி ரெண்டும் பாக்கணும். பக்கத்துல ஆள் இருக்கணும். தண்ணியும் கரன்ட்டும் சும்மாவா?"

வளவன் போனைக் கீழே வைத்தார். சொந்த பாய்லரில் யாரோ ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி முகம்.

ஏழு மணிக்குப் பெட்டி டைனிங் டேபிளுக்கு வந்தது. நான் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் படுக்கையறைத் தரையை மூன்று தடவை துழாவினேன். இரண்டு ஸ்க்ரூவும் ஒரு கைப்பிடி இரும்புத்தூளும் வந்தன. நான்காவது தடவை ஒன்றும் வரவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். ஏசியைப் போட்டேன். பாப்பாவைக் கட்டிலில் விட்டதும் அவள் காலை உதைத்துக் கூவினாள்.

"ஒரு நாள் டெஸ்ட் போதும்ல?" ஹாலிலிருந்து கேட்டார்.

"மிகக் கடுமையான நிலைங்க. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து நாளா?"

"நடுவுல எந்த நாள் ரொம்பக் கடுமைன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

க்ளக் என்றது பெட்டி. அவர் தலையணையோடு வாசலில் வந்து நின்றார்.

"ராத்திரி மட்டும் நானும் உள்ள..."

"பொட்டி பக்கத்துல ஆள் இருக்கணும்னாளே ஃபெமினா. அதோட உங்க சட்டையெல்லாம் இரும்புத்தூள். பாப்பா முழுங்கிட்டா?"

"எனக்கு வேர்க்குதே யமுனா!"

"வேர்க்குதுல்ல? தானா குளிர்ந்துடும்."

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக என்னை உற்றுப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. கதவை முக்கால்வாசி சாத்தி, இடுக்கு வழியாக வலது கால் கொலுசைக் கழற்றி நீட்டினேன்.

"உப்புத்தாள் மிச்சம் இருக்குல்ல?"

"இருக்கு."

"திருகு குத்துது. ராத்திரி சும்மாதானே உட்கார்ந்திருப்பீங்க, தேய்ச்சு வைங்க. காலையில பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லி, உள்பக்கம் தாழ் போட்டேன்.