அடாப்டருக்குச் சாட்சி சொன்னேன்

“பொம்பளப் புள்ள மெசினப் பிரிச்சா உருப்படுமாம்மா? நீ ஜெராக்ஸ் எடு, போதும்.”

பெரம்பலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கணினிக் கடையின் முதலாளி என்னை இப்படித்தான் வரவேற்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாங்கியது கணினி அறிவியல் பட்டம். (ஜெராக்ஸுக்கு அதில் தனிப் பாடம் கிடையாது.) கோபத்தில், “அரியலூர் வேலைய நான் முடிக்கிறேன் சார். முடியலன்னா ஜெராக்ஸே எடுக்கறேன்” என்று சவால் விட்டேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும் எடைமேடையிலிருந்து கடைக்கு வந்திருந்த வேலை அது. அங்கிருந்த லினக்ஸ் கணினியில் வைஃபை அடாப்டர் மாட்ட வேண்டும். மாட்டினேன்; கணினி கண்டுகொள்ளவே இல்லை. செருகியதும் அடாப்டர் இரண்டு எண்களைச் சொல்லும்: எந்தக் கம்பெனி, எந்த மாடல். டிரைவரின் பட்டியலில் (லாரி டிரைவர் இல்லை, கருவியை இயக்கும் மென்பொருள்) அவை இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே “எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ள?” என்பார்களே, அப்படி. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். (அவர்களுக்கு வேண்டியது வீடு அல்ல, தெரு.)

அப்பேர்ப்பட்ட நான் என்ன செய்தேன்? அதே கம்பெனி, அதே அட்டைப்பெட்டி, கடையில் ஓடும் பழைய மாடலைப் போலவே ஒற்றை ஆண்டெனாக் கொம்பு. ‘நம்ம வூட்டு ஆளுதான்’ என்று பழைய டிரைவரிடம் சாட்சி சொல்லி, புது எண்ணைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். உள்ளே இருந்த சிப்போ வேறு. டிரைவர் என்னை நம்பியது. கணினி ஹேங் ஆகி நின்றது.

மேடைமேல் ஒரு லாரி, பின்னால் பதினோரு லாரி. அத்தனை ஹாரனும் என் ஒருத்திக்காக. நான்காவது லாரியை ஓட்டி வந்தவர் என் அப்பா.

“எவன்டா அவன், மெசினக் கெடுத்தது?” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

“நாந்தாம்ப்பா. இந்த அடாப்டர மாட்டினேன், நின்னுடுச்சி.”

“செரி பாப்பா. அடாப்டரப் புடுங்கிட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எங்க ஓனரு கத்துவாரு.”

(பட்டம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.) கணினி எழுந்தது, லாரிகள் நகர்ந்தன, நான் ஜெராக்ஸ் மெசினுக்குப் போனேன். ஒரு மாதம், வந்த ஆதார் அட்டைகளையெல்லாம் எதிரியை நசுக்குவதுபோல் மூடியால் அழுத்தினேன். உணவு இடைவேளைகளில் சிப் எதுவென்று கண்டுபிடித்து, அதற்குரிய டிரைவரில் அந்த இரண்டு எண்களைச் சேர்த்தேன். அடாப்டர் ஓடியது. “ஏதோ அதிர்ஷ்டம்மா” என்றார் முதலாளி.

வீட்டில் இப்போதெல்லாம், எனக்கு மாப்பிள்ளை என்று யாராவது வந்தால், அப்பா தரகரிடம் முதலில் கேட்பது: “அட்டப்பெட்டி இருக்கட்டுங்க. உள்ள என்ன சிப்பு?”

லினக்ஸில் அந்த டிரைவரை எல்லோருக்குமாகப் பராமரிப்பவர்களுக்கு என் திருத்தத்தை எழுதி வைத்ததும், கடைப் பெயரில் அனுப்பச் சொன்னார் முதலாளி. போன திங்கட்கிழமை என் பெயரில் அனுப்பிவிட்டேன்.