துரையம்மாவின் அவனும் என் புருவமும்

மலாக்காவின் காஜா பெராங்கில் இங்கிலீஷ் தெரிந்த மனிதர்கள் பலர் இருந்தார்கள். அடுப்புக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று நம்பியவர் துரையம்மா ஒருவர்தான். மலாயா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார்.

பெயரைக் கேட்டு வெள்ளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல கறுப்பு, நல்ல குள்ளம். தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் சமையல் செய்தவர். நாடு சுதந்திரமாகி மெர்டேக்கா வந்த வருஷம் துரை சீமைக்குக் கப்பலேறினார். அவர் ஆசை ஆசையாக வரவழைத்து, ஒரே ஒரு முறை கடற்கரைக்கு இழுத்துப்போய் மணலில் மாட்டிக்கொண்டு திரும்பிய ஒரு வண்டி வீடு இருந்தது. காரின் பின்னால் கட்டி இழுக்கிற வீடு. கூடவே கொண்டுபோக முடியாததால் அதைச் சமையல்காரிக்கே கொடுத்துவிட்டார். உள்ளே கட்டில், மேசை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, எல்லாவற்றுக்கும் மேலே காஸில் எரிகிற ஓர் அவன். கேக் சுடுகிற அந்த இரும்பு அடுப்புக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அதுதான். நாங்களும் அப்படியே சொன்னோம். அதில் என்ன வம்பு வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

லோரி கட்டி இழுத்துவந்து, எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினார்கள். துரையம்மா அதில் தனியாகக் குடியேறினார். தனி ஆள்தான் என்றாலும் சாப்பாட்டு வேளைக்கு மணியடிப்பார். அடித்துவிட்டுக் கைகழுவி வந்து, தானே உட்கார்ந்து சாப்பிடுவார். என் அம்மா சும்மா பேசலாம் என்று எட்டிப் பார்த்தால், நாலு மணிக்கு டீ வேளையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். துரைசாணி விட்டுப்போன வைக்கோல் தொப்பியைக் கொண்டைமேல் வைத்துக்கொண்டு, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி பாசாருக்கு நடப்பார். உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கிற மீன்காரச் சீனர் அவருக்கு மட்டும் எழுந்து நின்று மீன் நிறுப்பார்.

கேக் என்றால் துரையம்மாதான். ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கெல்லாம் அந்த வண்டி வீட்டிலிருந்துதான் கேக் போகும். அவருக்குப் பிழைப்பும் அதுதான்.

ஒரு நாள் என் அம்மா வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வண்டி வீட்டுக்குள் துரையம்மா யாரையோ குறைசொல்லும் குரல் கேட்டது.

"நாலு நாளா அவன் சரியில்ல. எந்நேரமும் புஸ்ஸு புஸ்ஸுன்னு பொகையா ஊதுறான். என்னா கோவமோ, மூஞ்செல்லாம் கரியா வெச்சிருக்கான்."

பிறகு அதட்டலாக இங்கிலீஷில், "கெட் அப், யூ லேசி ஃபெல்லோ."

துணி கையிலிருக்க அம்மா அப்படியே நின்றுவிட்டார். தனியாக இருக்கும் பெண், உள்ளே எவனோ ஒருவன், அதுவும் சுருட்டுப் பிடிக்கிறவன். சாயங்காலத்துக்குள் செய்தி தெருவைச் சுற்றியது. தமிழ் மறந்து மலாய் பேசும் பக்கத்துச் சிட்டிகள் வீடுகளுக்கு மலாயில் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆளுக்கு மீசையும் முளைத்திருந்தது.

என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார் அம்மா. எவனாக இருந்தாலும் இன்று பார்த்துவிடுவது என்று நான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். அவனைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, உள்ளெல்லாம் கரியாக, சுவரோரம் உட்கார்ந்திருந்தான். துரையம்மா அவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்திருந்தார்.

பற்றவைத்தால் மஞ்சளாக எரிகிறது, புகைகிறது, இருமுகிறது, அணைந்துவிடுகிறது. இதுதான் நோய். அந்த வாரம் கேக் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

எனக்கும் கவலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செமாபோக்கிலிருந்து டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்க்கும் ஓர் ஆஸ்பத்திரி டிரெசர் தம் மகளுக்கு என்னை மாப்பிள்ளை பார்க்க வருவதாக இருந்தது. அன்றைக்கு வைக்க அம்மா துரையம்மாவிடம்தான் கேக் சொல்லியிருந்தார். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியான நான், அந்த இடத்திலேயே அவனைச் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

எனக்கு இயந்திரங்கள் என்றால் உயிர். இயந்திரங்களுக்கு என்னைக் கண்டால் உயிர் போய்விடும். அதற்கு முன்புதான் எங்கள் வீட்டு ரேடியோவைப் பழுதுபார்த்திருந்தேன். கரகரப்பு அடியோடு நின்றது. பாட்டும் சேர்ந்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் வேலையில் இறங்கினேன். காஸ் சிலிண்டரான தோங்கை மூடி, குழாயைக் கழற்றி, மூட்டுகளிலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். கசிவு இருந்தால் கொப்புளம் வர வேண்டும். வரவில்லை. எனக்குப் பெருத்த ஏமாற்றம். அடுத்து அடியிலிருந்த எரிகுழலை உருவி, வாய்வைத்து ஊதினேன். என் கன்னம்தான் உப்பியது. சப்பாத்திக் கட்டையால் நாலு தட்டுத் தட்டித் திரும்ப மாட்டினேன். எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு திருகாணி மிச்சமிருந்தது. துரையம்மா பார்ப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன். கிடைத்த பெட்டி நமத்துப்போயிருந்தது. ஒவ்வொரு குச்சியாக உரசிக்கொண்டே, காஸ் என்பது எப்படி வேலை செய்கிறது என்று துரையம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

"தம்பி, நாத்தம் வருது," என்றார்.

காஸ் என்றால் அப்படித்தான் நாறும் என்று சொல்லி, தலையை உள்ளே விட்டு இன்னொரு குச்சியைக் கிழித்தேன். அது பற்றிக்கொண்டது.

வெடித்த வெடியில் ரம்புத்தான் மரத்துக் காய்கள் வண்டிக் கூரைமேல் பொலபொலவென்று உதிர்ந்தன. நான் எதிர்ச் சுவரோரம் கிடந்தேன். நெற்றியில் ஏதோ கல்போல வந்து அடித்தது. எடுத்துப் பார்த்தால் மண் உருண்டை. எரிகுழலுக்குள் குளவி கட்டிய கூடு. அதுதான் இத்தனை நாளும் குழலை அடைத்திருக்கிறது.

துரையம்மா முதலில் தோங்கை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், பிறகு ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. துடைத்த துண்டோடு என் இரண்டு புருவங்களும் வந்துவிட்டன.

நாற்றம் அடங்கிய பிறகு அவரே பற்றவைத்தார். அவன் நீலமாக, வட்டமாக, சத்தமில்லாமல் எரிந்தான்.

"பயந்துட்டான்," என்றார் துரையம்மா. அத்தனை நாள் இங்கிலீஷில் திட்டியதற்குப் பலன் என்பது அவர் கட்சி. என் பழுதுபார்க்கும் திறமை என்பது என் கட்சி. இருவருமே குளவியைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் துரைசாணி விட்டுப்போன மைப்பென்சிலால் துரையம்மாவே எனக்குப் புருவம் எழுதிவிட்டார். ஒன்று சற்று மேலே ஏறிவிட்டது. யாரையோ எந்நேரமும் கேள்வி கேட்பதுபோல இருந்தேன்.

டிரெசர் வந்து உட்கார்ந்தார். மலாக்கா வெயில். வேர்த்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். ஒரு புருவம் கைக்குட்டைக்குப் போய்விட்டது.

டிரெசரின் முகம் மாறியது. புருவம் உதிர்கிற நோய் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெருநோயில் தோலும் மரத்துப்போகும். அதன் பெயரைச் சொன்னாலே கல்யாணப் பேச்சு நின்றுவிடுகிற காலம் அது. அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார், கண்ணை மூடச் சொன்னார், ஊசிபோல எதையோ எடுத்து என் முழங்கையில் குத்தினார்.

"குத்துறது தெரியுதா?"

மாப்பிள்ளையின் வீரத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியல சார்," என்றேன்.

டிரெசர் எழுந்துவிட்டார். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிச் செருப்பைத் தேடினார். ஒன்றும் புரியாமல் அம்மாவின் கண் கலங்கியது. அந்த நேரத்தில்தான் வைக்கோல் தொப்பியும் கையில் கேக்குமாக வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார் துரையம்மா. என் ஒற்றைப் புருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உக்காருங்க சார். அந்தப் புருவம் அவனால போச்சு."

"எவனால?"

"எங்கூட இருக்கானே, அவன்தான். நேத்து இந்தப் பிள்ள மூஞ்சியிலயே வெடிச்சிட்டான்."

டிரெசர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இது என்ன மாதிரி தெரு என்பதுபோல வெளியே பார்த்தார். துரையம்மா கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, விடாமல் அவரை வண்டி வீட்டுக்கு அழைத்துப்போய், அவனை நேரிலேயே காட்டினார். குளவிக் கூட்டையும் காட்டினார். பின்னாலேயே ஓடிய என் காதில் அவர் கடைசியாகச் சொன்னது விழுந்தது.

"வேல தெரியாத பிள்ளதான் சார். ஆனா எனக்குப் பொழப்பு நின்னு போச்சேன்னு தலைய உள்ள விட்டுச்சு."

டிரெசர் என் கையைப் பிடித்து இன்னொரு முறை, கொஞ்சம் ஆழமாகவே குத்தினார். நான் அலறினேன். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. என் கல்யாணம் அந்த அலறலில் நிச்சயமானது. கேக்கை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சில வருஷம் கழித்து மனைக்காரர் அங்கே வீடு கட்டப்போவதாகச் சொன்னார். துரையம்மா மூவாரில் இருந்த தம் அக்காள் மகளிடம் போய்விடுவது என்று முடிவு செய்தார். மறுபடி லோரி வந்தது. அவர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய கயிறு வழியில் அவிழ்ந்துவிடப் போகிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பெரிய சாலைவரைக்கும் வண்டியின் பின்னாலேயே நடந்தேன். இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கயிறே கிடையாது.