வெள்ளைப் பூ மட்டுமே கொடுக்கும் அம்மன்

ஞாயிற்றுக்கிழமை என்றால் தஞ்சாவூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு வேன் நிற்கும். ஏறினால் டிக்கெட் கிடையாது, இறங்கினால் புளியோதரைப் பொட்டலம் உண்டு. ஓசியில் ஏற்றிக்கொண்டு போகிறவன் எங்கே கொண்டுபோய் இறக்குவான் என்று யாராவது யோசித்தார்களா? சன்னலோர சீட்டுக்குத்தான் சண்டை.

வேன் போய் நிற்கும் இடத்துக்கு லட்சுமி கடாட்ச நகர் என்று பெயர். கொஞ்ச காலம் முன்பு வரை அது நஞ்சை வயல். காவிரியில் இரண்டு வருடமாகத் தண்ணீர் சரியாக வரவில்லை. விதைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பஞ்சநதம் வயலை வளைத்துப் போட்டு, மேலாகச் செம்மண்ணைத் தூவி, கல் நட்டு, நகர் ஆக்கிவிட்டார்.

பஞ்சநதம் மனைத் தரகர். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் துண்டின் கரையும் மாறும். தேர்தல் மேடை ஏறினால் மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழிப்பார். மனை விற்கும்போது மட்டும் அம்மனைக் கேட்காமல் அளவு நாடாவைக்கூடத் தொட மாட்டார்.

அந்த அம்மனுக்கு மனைகாத்தாள் என்று பெயர். வயது மூன்று மாதம். பூசாரி பக்கிரி, பஞ்சநதத்தின் மைத்துனர். அதற்கு முன்பு லாட்டரிச் சீட்டு விற்றவர். அனுபவம் வீண்போகவில்லை.

இங்கே மனை வாங்கப் பூக்கட்டிப் பார்க்க வேண்டும். ஒரு இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் மடித்துக் கட்டி பக்கிரி அம்மன் காலடியில் போடுவார். வந்தவர் மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு, உடனே அட்வான்ஸ். சிவப்பு வந்தால் காலைப் பிடித்தாலும் மனை தர மாட்டேன் என்று பஞ்சநதம் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் பாவம், அவருக்கு வாய்ப்பே வரவில்லை. இதுவரை ஒருவருக்கும் சிவப்பு வரவில்லை. கடன் கேட்டுப் போனால் பேங்க்காரன் முகம் சுளிப்பான். அம்மன் அப்படியில்லை, தாராள மனசு.

அன்றைக்கு வரிசையில் கோவிந்தராசுவும் நின்றார். அரசுப் பேருந்துக் கண்டக்டர். அவர் பரம்பரையில் முதன்முதலாக நிலம் வாங்கப் போகிறவர் அவர்தான். அவருடைய அப்பா பண்ணையார் வீட்டு வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர். கூலி நெல் கூடுதலாகக் கேட்ட வருடம், கூரையைப் பிரித்துப் போட்டு எழுந்து போகச் சொன்னார்கள். இனி எவரும் எழுப்பிவிட முடியாத ஒரு இடம் வேண்டும் என்றுதான் அவர் சம்பளத்திலும், மனைவி அம்சம் தைத்த காசிலும் மிச்சம் பிடித்திருந்தார்கள். இருப்பது இந்த ஒரு பணம்தான். தப்பாகிவிட்டால்? அதனால் தானாக முடிவெடுக்க அவருக்குப் பயம். தனக்கு மேலே யாராவது ‘சரி’ என்று சொன்னால் தேவலை என்றிருந்தது. பஞ்சநதம் விற்றது மனையை அல்ல, அந்தச் ‘சரி’யைத்தான்.

மனையைச் சுற்றிப் பார்க்கப் போன அம்சம் ஒரு பிடிப் புல்லோடு திரும்பி வந்தாள்.

"என்னங்க, செம்மண்ணைப் பொத்துக்கிட்டுக் கோரை மொளைச்சிருக்கு. இது தண்ணி நின்ன பள்ளம்."

சேற்றில் நடந்து வளர்ந்தவருக்குக் கோரை தெரியாதா? தெரிந்தது. ஆனாலும் அம்மன் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிடலாமே என்றார்.

முறை வந்தது. அம்சம் பக்கிரியிடம், "மனசுல நெனைக்கணுமா, வாய்விட்டுக் கேக்கலாமா?" என்றாள்.

"எப்படிக் கேட்டாலும் அவளுக்குக் கேக்கும் தாயி."

அம்சம் கும்பிட்டாள். எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஆத்தா, ஐப்பசி மழையில இந்த மனையில இடுப்பளவு தண்ணி நிக்குமா? நிக்கும்னா வெள்ளையக் குடு. நிக்காதுன்னா செவப்பக் குடு."

பஞ்சநதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியெல்லாம் அம்மனைச் சோதிக்கக் கூடாது என்றார். வரிசையில் நின்றவர்கள் விடவில்லை. கேட்கட்டுமே, அம்மனுக்குத் தெரியாத விஷயமா என்றார்கள். இத்தனை பக்தியையும் ஊட்டி வளர்த்தது அவர்தானே, அனுபவிக்கட்டும்.

அம்சம் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போன வாரம் அட்வான்ஸ் கொடுத்திருந்த பொன்னுத்தாய் தடாலென்று அம்சத்தின் காலில் விழுந்தாள். "ஆத்தா ஒம்மேல எறங்கிட்டா தாயி. எம்மவ கல்யாணம் எப்பன்னு கேட்டுச் சொல்லு."

அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். "எந்திரிங்க அக்கா. எனக்கு ஒண்ணும் எறங்கல. பூசாரி மடியில சொருகுறாரு பாருங்க, அந்த இன்னொரு பொட்டலத்தைப் புடுங்கிப் பிரிங்க."

பொன்னுத்தாய் பிடுங்கினாள். அதுவும் வெள்ளை. யாரோ பூக்கூடையைத் தட்டிக் கவிழ்த்தார்கள். அத்தனையும் நந்தியாவட்டை. அரளியில் ஒரு இதழ்கூட இல்லை. இன்றைக்கு அரளி வரத்து இல்லை என்றார் பஞ்சநதம். வேலிக்கு வேலி அரளி பூத்துக் கிடக்கிற ஊரில் இதைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். துண்டு போனது, சட்டைப் பையும் கிழிந்தது. வேன்காரன் வண்டியோடு தப்பிவிட்டதால் ஊர் திரும்ப எல்லாரும் நடக்க வேண்டியதாயிற்று.

நடக்கும்போது கோவிந்தராசு மெதுவாக ஆரம்பித்தார். "ஒருவேளை அம்மன் நெசமாவே தண்ணி நிக்கும்னுதான் சொன்னாளோ?"

அம்சம் நின்றுவிட்டாள்.

"ஒங்கப்பாரு பண்ணையார் காட்டுன எடத்துல குடியிருந்தாரு. எந்திரின்னதும் எந்திரிச்சாரு. அதுக்குப் பேரு அடிமைத்தனம்னு சங்கத்துல கொடி புடிச்சீங்க. இன்னைக்கு நாலு நந்தியாவட்டை காட்டுன எடத்துல குடியேறப் பாத்தீங்களே, அதுக்கு என்னங்க பேரு?"

கோவிந்தராசு குனிந்து, காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டு நடந்தார்.

ஐப்பசியில் மழை கொட்டியபோது இருவரும் வேறொரு தரகரோடு மனை பார்க்கப் போனார்கள். மழை விட்டதும் வரலாமே, இந்த ஈரத்தில் எதற்கு என்று அவர் சலித்துக்கொண்டார். கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் இறங்கினார்.

"வெயில்ல பாத்தா எல்லா மனையும் நல்ல மனைதாங்க" என்றார்.

இதைக் கண்டுபிடிக்க அம்மன் வேண்டாம், பூசாரி வேண்டாம். கழுத்துக்கு மேலே இருப்பது போதும். ஓசியில் கிடைத்ததாயிற்றே என்றுதானோ என்னவோ, அதை எடுத்துப் பயன்படுத்த மட்டும் நம் ஜனங்களுக்கு மனசே வருவதில்லை.