ஆத்தூரிலிருந்து வந்த ஆறுமுகம்

தற்காலிக வேலையில் இருப்பவன், மேலதிகாரியின் பெயர் செல்போனில் வந்தாலே எழுந்து நின்றுவிடுவான். நான், கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எழுந்து நிற்பேன் (எதற்குச் சிரிக்கிறார்?). பத்து வருஷத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் ஒரு சின்னக் கல்லூரியில் வணிகவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். ஏப்ரலுக்குப் பிறகு வேலை உண்டா இல்லையா என்பது முதல்வர் கையில். அந்தப் பயத்தில் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பேன். அப்படி ஒரு "சரி சார்"தான் என்னைத் திருச்செந்தூர் சாலையில் இருக்கும் ஆத்தூருக்கு அனுப்பியது.

அன்றைக்குச் சாதனை படைத்த முன்னாள் மாணவர்களுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டு விழா. வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஆறுமுகத்தை ஆத்தூரிலிருந்து காரில் அழைத்து வர வேண்டும், மேடையில் அவரைப் பற்றிய பாராட்டுரையையும் வாசிக்க வேண்டும். இரண்டும் என் பொறுப்பு. நான் படித்ததோ திருநெல்வேலியில். பேராசிரியரை நேரில் பார்த்ததில்லை.

பாதி வழியில்தான் தெரிந்தது, முகவரியும் போன் நம்பரும் எழுதிய சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று. முதல்வருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் சீட்டை மறந்துவிட்டேன் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமே. அதற்கு ஆத்தூரில் விசாரித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. எனக்குத் தோன்றிய யோசனைகளிலேயே மோசமானது அது.

வெற்றிலைக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, காலேஜ்ல கெமிஸ்ட்ரில இருந்த ஆறுமுகம் சார் வீடு எங்கன இருக்கு?"

"நேரே போயி கோயில் பக்கத்துல இடது கைப் பக்கம் திரும்புங்க. ரெண்டாவது வீடு."

அந்த வீட்டு வாசலில் ஒரு பெரியவர் பனியனோடு உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறுமுகம் சாருங்களா?"

"ஆறுமுகம்தான்."

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி..."

"ஆமா. முப்பத்திரெண்டு வருசம்."

"காலேஜ்ல இருந்து வாரேன். ஓய்வு பெற்றவங்களுக்கு இன்னைக்குப் பாராட்டு விழா. உங்களைக் கூட்டிட்டுப் போக கார் வந்திருக்கு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கா?"

"உங்களுக்குத்தான் சார்."

(அந்த "எனக்கா"வை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவர்களுக்கு எவ்வளவு பணிவு என்று டிரைவரிடம் வேறு சொன்னேன்.) அவர் உள்ளே பார்த்து, "ஏளா, அந்தப் பட்டுக்கரை வேட்டிய எடு" என்றார். கால் மணி நேரத்தில் திருநீறு பூசி, சென்ட் மணக்கக் காரில் ஏறிவிட்டார்.

பழையகாயல் தாண்டும்போது முதல்வரின் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க? ஆறுமுகம் சார் வீட்டுல இருந்து பேசினாங்க. கார் இன்னும் வரலைங்காங்க."

"வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்றேன். அது உண்மைதான். யாரோடு வந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் கேள்வி. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் பெரியவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க கெமிஸ்ட்ரில என்ன பாடம் எடுத்தீங்க?"

அவர் சிரித்தார். "பாடமா? நான் பிப்பெட்டும் பியூரெட்டும்லா எடுத்தேன். பயலுவ உடைக்க உடைக்க அலமாரில இருந்து எடுத்து எடுத்துக் குடுத்தேன். லேப் அட்டெண்டர்லா நான்."

இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் வெள்ளையாகக் குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்தபடி யோசித்தேன். இவரிடம் உண்மையைச் சொன்னால் இவர் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால் முதல்வர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த நேரம் பார்த்து அவர் சொன்னார்: "ரிட்டயர்டு ஆன பொறவு ஒருத்தனும் எட்டிப் பாக்கல தம்பி. இன்னைக்குக் கார் அனுப்பியிருக்காக."

அவரைச் சத்தமில்லாமல் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அதே காரில் ஆத்தூருக்குப் பறந்து நிஜப் பேராசிரியரைக் கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். கல்லூரி வாசலில் வரவேற்புக் குழு நின்றது, எல்லாரும் இப்போது படிக்கிற மாணவர்கள். கார் கதவு திறந்ததும் மாலை விழுந்தது, பன்னீர் தெளித்தார்கள், நான் "அவரு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவரை மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதல்வர் வெளியூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆளைத் தெரியாது. கும்பிட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்தார்.

மேடையில் இருந்த முன்னாள் மாணவர்களுக்கு அவரை நன்றாகவே தெரிந்தது. ஒருவர் ஒரு தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர், இன்னொருவர் போலீஸ் டி.எஸ்.பி. இருவரும் வேதியியல் படித்தவர்கள். அட்டெண்டரைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏதோ பயந்த மாதிரி இருந்தது. பயப்பட வேண்டியவன் நானல்லவா என்று நினைத்தேன்.

நான் தப்பிக்க வழியில்லை. உடனே மைக் முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். தாளை எடுத்து வாசித்தேன். "முப்பதாண்டுகளுக்கும் மேலாக வேதியியல் துறையே வீடாக வாழ்ந்தவர். கரைசேர முடியாமல் தவித்த எத்தனையோ மாணவர்களைக் கரை சேர்த்தவர்..." நான் எழுதிய உரையின் ஒரே நல்ல குணம், அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அப்போது அரங்கத்தின் பின் கதவு திறந்தது. கையில் துணிப்பையோடு, வியர்த்து வடிந்த ஒரு மனிதர் நடுப்பாதையில் மேடையை நோக்கி நடந்து வந்தார். அவர் நடந்து வந்த கோபத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

அட்டெண்டர் ஆறுமுகம் அவரைப் பார்த்த நொடியில் நாற்காலியிலிருந்து எழுந்தார். "சார், வாங்க சார்" என்றவர், தோளில் கிடந்த புதுப் பொன்னாடையை உருவி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்தார்.

முதல்வர் என் பக்கம் குனிந்தார். "அப்ப இவர் யாரு?"

"இவரும் ஆறுமுகம்தான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டுவிட்டது.

பேராசிரியர் மேடை ஏறி, துடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணரை மணி நேரம் வாசல்ல நின்னேன்" என்றார். பிறகு அட்டெண்டர் பக்கம் திரும்பினார். "மாலை உன் கழுத்துலதான கிடக்கு? நீயே பேசு, ஆறுமுகம்."

அட்டெண்டர் மைக்கைப் பிடித்தார். பழக்கமில்லாதவர் மாதிரித் தெரியவில்லை.

"இந்தத் தம்பி படிச்சது நெசந்தான். கொஞ்சம் பேரை நான் கரை சேத்துருக்கேன். பிராக்டிகல் பரீச்சையில ஆளுக்கு ஒரு உப்பு குடுப்பாக. அது என்ன உப்புன்னு கண்டுபிடிக்கணும். பாவம், பயலுவ முழிப்பானுவ. நான் தண்ணி வைக்குத மாதிரி பக்கத்துல போவேன். காதைச் சொறிஞ்சா சிங்க் உப்பு. மூக்கைத் தொட்டா லெட் உப்பு."

மூக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஜெனரல் மேனேஜரின் கை பாதியில் நின்றது. டி.எஸ்.பி. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் பழைய மாணவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"யாரு யாருன்னு பேரு சொல்லலாம்" என்று அவர் நிறுத்தி, மேடையை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார். நானே தலையைக் குனிந்துகொண்டேன் (நான் அங்கே படிக்கக்கூட இல்லை). "வேண்டாம். பெரிய பெரிய இடத்துல இருக்காக."

பேராசிரியர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அதுக்குத்தான் ஒரு வருசம் எந்த நம்பர் பாட்டில்ல எந்த உப்புன்னு உங்கிட்ட மாத்திச் சொல்லி வச்சேன். பன்னிரண்டு பேர் பெயில்."

டி.எஸ்.பி. மெதுவாகக் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "அதுல நானும் ஒருத்தன் சார். சிங்க்குன்னு எழுதினேன். பெயிலான பிறகுதான் போலீஸ் செலெக்ஷனுக்குப் போனேன்."

பேராசிரியர் முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. கூடம் முழுக்கச் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. நான் மட்டும் சிரிக்கவில்லை. முதல்வரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "ஒரு ஆளைக் கூட்டிட்டு வரத் தெரியல" என்றார். அவ்வளவுதான். ஏப்ரல் வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. வேலை நீட்டிப்பு வந்தது. கூடவே, அடுத்த விழாவுக்கு நான் சாப்பாட்டுக் கமிட்டி என்ற உத்தரவும் வந்தது.

விழா அன்று சாயங்காலம் இரண்டு ஆறுமுகங்களையும் ஒரே காரில் ஆத்தூரில் விடப் போனேன். நினைவுப் பரிசு பேராசிரியர் மடியில், பொன்னாடை அட்டெண்டர் மடியில். பேராசிரியர் முதலில் இறங்கிக்கொண்டார். அதன் பிறகு அட்டெண்டரிடம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன்.

"தம்பி, என்ன பாடம் எடுத்தீங்கன்னு கேட்டியளே, அப்பமே தெரிஞ்சு போச்சு எனக்கு. இறங்கிருவோம்னுதான் பாத்தேன். நடு உப்பளத்துல இறங்கி எங்கன போக?"

இந்தக் கதையை வீட்டில் சொன்னது என் தவறு. கல்யாணமாகி எங்களுக்கு மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். என் அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. "பிள்ளை கையில கட்டியிருக்க சீட்டைப் படிச்சுப் பாத்து வாங்குனியாலே?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கேட்டாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இவன் ஆளை மாத்திக் கூட்டிட்டு வாரவன், நீங்களே ஒரு தடவை பாத்துருங்கம்மா" என்றாள்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. போன மாதம் கணக்கில் ஏன் இவ்வளவு குறைந்த மார்க் என்று அதட்டினேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில நீங்க சரியாப் பாத்து வாங்கியிருக்கணும்ப்பா."