தவணை கேட்கப் போன முதுகு

வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் வேலி வழக்கைப் பார்த்துப் படித்ததுதான். யாழ்ப்பாணத்தில் அது என் பிள்ளைப்பருவம் முழுக்க நடந்தது. நடந்தது என்ன, நாள் தள்ளித் தள்ளித் தவணை போனது. நீதிமன்றத்துக்குப் போவதென்றால் தவணை கேட்கப் போவது என்றே நான் நம்பியிருந்தேன். தொண்ணூறுகளில் அந்த ஞானத்தோடுதான், புலம்பெயர்ந்து வந்த வின்டர்தூர் நகரத்தில் ஒரு நீதிமன்றப் படி ஏறினேன். (எனக்காகப் பேச ஒரு அப்புக்காத்து, வக்கீல், வைக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!)

வீட்டுக்காரர் தன் மகனுக்கு வீடு வேண்டுமென்று எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருந்தார். என் மனைவி வதனிக்கு அது எட்டாம் மாதம். வேறு வீடு கிடைக்கவில்லை. வழக்கை எப்படியாவது தள்ளிப்போட்டால் பிள்ளை இந்த வீட்டிலேயே பிறந்துவிடும் என்பது என் கணக்கு.

பிள்ளை வரப்போவதையே காரணமாகச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஐயோ! பிள்ளை அழும் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் இன்னும் அவசரப்படுத்துவார். கண்ணூறு வேறு. அவர் கண்ணில் படாமல் மாதக்கணக்காக வதனியை என்னுடைய பெரிய குளிர் ஜாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஆகவே எனக்கு முதுகு வலி என்று முடிவெடுத்தேன்.

“இஞ்சேருங்கோ, உண்மையைச் சொன்னால் என்ன?” என்றாள் வதனி.

“உமக்குக் கோடு கச்சேரி வழக்கெல்லாம் தெரியாது. கதையாமல் வாரும்.”

நோயாளி தனியாக வந்தால் நம்புவார்களா? எட்டு மாதக் கர்ப்பிணியின் தோளில் தொங்கிக்கொண்டு, முனகியபடி உள்ளே போனேன். வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் இருந்தார். எனக்குத்தான் இருக்கக் கதிரை. பையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள்.

மொழிபெயர்க்க வந்த தமிழ் அண்ணையிடம், “முதுகு சரியான வருத்தம், நிண்டு கதைக்க ஏலாது, ஒரு தவணை வேணும் எண்டு சொல்லுங்கோ” என்றேன். அவர் சொன்னார். நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஹீட்டர் கொதித்த அந்த அறையில் குளிர் ஜாக்கெட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்த வதனியைப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டு ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார்.

வதனி கழற்றத் தொடங்கினாள். நான் முதுகை மறந்து துள்ளி எழுந்து, அதை இழுத்து மூடப் பாய்ந்தேன்.

நீதிபதி ஏதோ கேட்டார். அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “தம்பி, உங்கள் ரெண்டு பேரில ஆருக்கு வருத்தம் எண்டு கேக்கிறா.”

“இவருக்கு ஒண்டும் இல்லை,” என்றாள் வதனி. “பிள்ளை பிறக்குமட்டும் எங்களுக்கு இந்த வீடு வேணும். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கொண்டு நிக்கிறார்.”

நீதிபதி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். தவணை கிடையாது, தேவையுமில்லை என்றார். வீட்டை விட்டுப் போக இன்னும் காலம் கேட்பதற்கு இந்த நாட்டில் இது நல்ல காரணமாம். நான் ஒளித்து வைத்ததுதான் என் வழக்கே! வீட்டுக்காரர் முகம் சிவந்து, “எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே” என்றார். அங்கேயே, இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று முடிவானது. அடுத்த கிழமை அவர் தன் மகனின் பழைய பிள்ளைத் தள்ளுவண்டியைத் துடைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா மீதும் அவர் மீதும் உள்ள நன்றி இன்றுவரை குறையவில்லை.

மகள் டாக்டர் சொன்ன நாளுக்குப் பிறகும் வர மனமில்லாமல் இருந்து, ஆறுதலாக, மெதுவாகத்தான் பிறந்தாள். இப்போதும் எதற்கும் பிந்தித்தான் வருவாள். நான் கண்டிக்க வாய் திறந்தால் போதும், முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து முனகுவாள்: “அப்பா, ஒரு தவணை தாங்கோ.”

வதனி உடனே எனக்கொரு கதிரையை எடுத்துப் போடுவாள்.