கறிவேப்பிலைக்குக் குளிரக் கூடாது

கனடாவின் மொன்றியல் மாநகரில் குளிர்காலத்தை ஜனநாயக முறைப்படி எதிர்கொண்ட முதல் மனிதர் பேரின்பநாதன் அண்ணைதான். மற்ற வீட்டுக்காரர்கள் ஒக்டோபர் முடிந்ததும் இலையைக் கூட்டி, வெளிக் குழாயைப் பூட்டி, பேசாமல் உள்ளே போய்விடுவார்கள். அண்ணையோ 'குளிர்கால ஆயத்தக் குழு' அமைத்தார். தலைவர் அவர். பொருளாளர் அவருடைய மனைவி யோகராணி அக்கா. மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நான் செயலாளர். வீட்டில் இருந்த ஒரே ஏணி என்னுடையது என்பதால் போட்டியின்றித் தெரிவானேன். நிலத்தடி பேஸ்மென்ற்றில் வாடகைக்குக் குடியிருக்கும் ஜென்சி 'பொதுமக்கள்'.

முதல் கூட்டம் அண்ணையின் சமையலறையில் நடந்தது. தலைவர் உரையாற்றி முடித்ததும் பொதுமக்கள் கையை உயர்த்தினார்கள். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள் ஜென்சி.

"அண்ணை, என்ரை அறை ஹீற்றர் வேலை செய்யேல்லை. ஜூலையிலை குடிவந்த அண்டைக்கே சொன்னனான்."

"பாப்பம் பிள்ளை, பேந்து பாப்பம். இண்டைக்கு நிகழ்ச்சி நிரலிலை முற்றம் மட்டும்தான்."

முற்றத்துக்கு அண்ணை ஆற்றிய தொண்டைச் சொல்லி மாளாது. வேலி மரங்களுக்குச் சாக்கு சுற்றினோம். காருக்குக் கூடாரம் அடித்தோம். பாபிக்யூ அடுப்புக்கு நீர் புகாத போர்வை. தபால் பெட்டிக்கு அக்கா கம்பளித் தொப்பி பின்னினார். எல்லாவற்றுக்கும் உறை போட்டாயிற்று. உறைந்தது ஜென்சி மட்டும்.

இரண்டாவது கூட்டம் வீட்டைப் பற்றியது. ஜென்சி நம்பிக்கையோடு வந்தாள். தலைவர் இம்முறை 'விஞ்ஞானபூர்வமாக' விளக்கினார்.

"நீ நிலத்துக்குக் கீழை இருக்கிறாய் பிள்ளை. மண்ணுக்குள்ளை இயற்கைச் சூடு இருக்கு. இல்லாட்டி கரடியள் ஏன் குகைக்குள்ளை போய்ப் படுக்குதுகள்?"

"கரடி வாடகை குடுக்கிறேல்லை அண்ணை."

இது நிகழ்ச்சி நிரலுக்கு அப்பாற்பட்ட கருத்து என்று தலைவர் நிராகரித்தார். நான் வழிமொழிந்தேன்.

அதற்குப் பிறகு ஜென்சி குளிர் அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டே படுத்தாள். காலையில் எழுந்து அப்படியே பஸ்ஸுக்கு ஓடலாம், உடுப்பு மாற்றும் வேலை மிச்சம். குழு இதையும் தன் சாதனைகளில் ஒன்றாகக் கருதியது.

டிசம்பர் நடுப்பகுதியில் அண்ணை ஒரு புத்தம்புது ஹீற்றரோடு கடையிலிருந்து வந்து இறங்கினார். ஜென்சி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பெரிய உதவி அண்ணை."

"கவனமாத் தூக்கு பிள்ளை. முன் கண்ணாடி விறாந்தையிலை வை. கறிவேப்பிலைக்கு."

"கறிவேப்பிலைக்கோ?"

"ஓம். அது வெக்கையான ஊர்ச் செடியெல்லே? குளிர் தாங்காது."

"நான் மன்னார் அண்ணை," என்றாள் ஜென்சி.

அண்ணை அதைப் புவியியல் தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே மைனஸ் பதினெட்டு. அன்றுதான் எங்கள் 'முன்மாதிரி இல்லத்தை' பார்வையிடக் கோயில் நிர்வாகசபையினர் நாலு பேர் வந்தார்கள். புவாண்ட்-கிளேர் புறநகரிலிருந்து வந்த எஞ்சினியர் நாகசுப்பிரமணியன் சார் அவர்களுக்குத் தலைவர். வேலியைப் பார்த்து வியந்தார்கள். தபால் பெட்டியின் தொப்பியைப் படமெடுத்தார்கள். "இனி எங்கடை வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவு" என்று சொல்லி அண்ணை விறாந்தைக் கதவைத் திறந்தார்.

கண்ணாடி விறாந்தையில் கறிவேப்பிலை பச்சைப்பசேல் என்று நின்றது. அதன் தொட்டியில் தலையணையைச் சாய்த்து, ஹீற்றருக்குக் காலை நீட்டி, போர்வைக்குள் ஜென்சி படுத்திருந்தாள்.

"யாருங்க இவங்க?" என்றார் நாகசுப்பிரமணியன் சார்.

அண்ணை திறந்த கதவை மெல்லச் சாத்தப் பார்த்தார். யோகராணி அக்கா திடீரென்று தேநீர் போடப் போனார்.

ஜென்சி எழுந்து உட்கார்ந்தாள். "நான் கீழை இருக்கிறனான் சேர். குளிருக்கு உள்ளை எடுத்து வச்சிருக்கினம். ஏப்ரலிலை திரும்ப வெளியிலை வைப்பினம்."

நாகசுப்பிரமணியன் சார் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினார். திரும்பி வந்தபோது கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கீழ நம்ம மூச்சு கண்ணுக்குத் தெரியுதே!"

ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்கவே கிடைக்காத மின்சாரக்காரர், அண்ணை அழைத்ததும் தேநீர் ஆறுவதற்குள் வந்து சேர்ந்தார். கீழே சூடு பரவியதும், "மனிசர்தான் முக்கியம், மற்றதெல்லாம் பேந்து" என்று அண்ணை விருந்தினர் முன்னிலையில் அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

ஜென்சியின் ஹீற்றரில் ஒரு வயர் கழன்றிருந்ததாம். அதைப் பூட்டத் தேவைப்பட்டவை: ஒரு திருகாணி, பத்து நிமிடம், பார்த்துக்கொண்டு நிற்க நாலு பேர். முதல் இரண்டும் ஜூலையிலிருந்தே எங்களிடம் இருந்தன.