மருமகனுக்கு ஒரு மடக்காத கத்தி

இணுவில் தெற்கு,
24.09.1985.

அன்புள்ள தங்கச்சி பத்மாவதிக்கு,

கந்தசுவாமியார் அருளால் இங்கே நானும் உன்ரை மச்சாள் குணலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். அங்கே சிங்கப்பூரில் நீயும் மச்சானும் மருமகன் ஞானேந்திரனும் அப்படியே இருக்க அவரையே கேட்டுக்கொள்ளுகிறேன். மழை இன்னும் இல்லை. வெங்காயம் பரவாயில்லை. இனி விசயத்துக்கு வருகிறேன். நான் முந்திக்கொண்டு எழுதாவிட்டால் நெல்லியடிப் பரமலிங்கம் மாஸ்டர் அங்கே வந்து இறங்கித் தன்ரை பாட்டுக்கு ஒரு கதை சொல்லிப்போடுவார், பிறகு நான் எதை எழுதினாலும் நீ நம்பமாட்டாய்.

ஞானேந்திரன் எனக்குத் தனியாகக் கடிதம் போட்டதை உனக்குச் சொன்னானோ தெரியாது. பட்டாளத்தில் அவனுடைய பிரிவை வருகிற மாதம் புரூணைக் காட்டுக்கு ஆறு மாதம் அனுப்புகிறார்களாம், கைக்கு ஒரு கத்தி வேண்டுமாம். மடக்குகிற கத்தி காட்டில் உதவாதாம், மண் புகுந்தால் இறுகிவிடுமாம். அலகும் பிடியும் ஒரே இரும்பாக ஓட வேண்டுமாம், அலகு ஒரு சாணுக்கு மேலே போகக்கூடாதாம், கை நனைந்தாலும் வழுக்கக்கூடாதாம், இடுப்பில் கொழுவ உறை வேண்டுமாம். எல்லாம் இங்கிலீசில் எழுதிவிட்டுக் கடைசி வரியை மட்டும் தமிழில் எழுதியிருந்தான்: “மாமா, இங்கே கடையில் எத்தனையோ இருக்கு. நீங்கள் தெரிஞ்சு அனுப்புங்கோ.” பத்மா, எனக்குக் கண் கலங்கிப்போச்சு. நான் அவனுக்குத் தாய்மாமன். அவனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருக்க வேண்டியவன், இங்கே தபாற் கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருசத்தில் பிள்ளை முதன்முதலாக என்னிடம் ஒரு பொருள் கேட்டிருக்கிறான், அதிலே நான் பிழை விட்டால் பிறகு மாமன் என்ற பேர் எதற்கு? உன்ரை மச்சாள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, புழுக் கத்தரிக்காயைத் தேடிப் பார்த்து வாங்கி வருகிற மனுசனை நம்பியோ பிள்ளை காட்டுக்குப் போகுது என்றாள். சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு நேரே நடராசா ஆசாரியாரின் பட்டறைக்குப் போனேன்.

அங்கே மண்வெட்டியைக் காய்ச்சித் தோய்க்க வந்த சனம் ஏழெட்டுப் பேர். நான் வாசலில் நின்றே, மருமகன் ஆமிக்குப் போறான், அவனுக்கு ஒரு திறமான கத்தி வேணும் என்று சொல்லிவிட்டேன். துருத்தி நின்றது. மண்வெட்டிக்காரர் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல எழும்பிச் சைக்கிளடிக்குப் போனார். ஆசாரியார் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு மிகவும் பணிவாகக் கேட்டார்:

“போஸ்ட்மாஸ்டர், எந்த ஆமி?”

இங்கே இப்போது ஆமி என்றால் சனத்துக்கு அரசாங்கப் பட்டாளம்தான். சிங்கப்பூர் ஆமி என்று நான் சொன்ன பிறகுதான் அந்த இடத்துக்கு மூச்சு வந்தது. சைக்கிளடிக்குப் போனவரும் திரும்பி வந்து குந்தினார். அதன்பின் நான் எங்கே போனாலும் முதலில் சிங்கப்பூர், பிறகுதான் மற்றதெல்லாம். ஆசாரியார் பழைய லொறி வில்லுத் தகட்டில் நாலு கத்தி அடித்துத் தந்து, எது கைக்கு வாய்க்குதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தாருங்கள் என்றார். வளவுக்குள் வைத்துப் பரிசோதித்தேன். முதலாவது கத்தி தும்புக் கயிற்றிலேயே மழுங்கியது. இரண்டாவது தேங்காய்ப் பொச்சுக்குள் இறுகிக்கொண்டது, அதை இழுத்து எடுக்கப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டி வந்தது. மூன்றாவது பரவாயில்லை. நாலாவது இருக்குதே, பத்மா, பனைமட்டையைக் கரட் சீவுவதுபோலச் சீவியது. அந்தச் சந்தோசத்தில் பக்கத்தில் நின்ற கதலி வாழையிலும் இரண்டு வீச்சு வீசிப் பார்த்தேன். அது குலையோடு நின்ற வாழை. குலையோடேயே வேலியில் சாய்ந்தது. உன்ரை மச்சாள் கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று தொடக்கம் என்னோடு கதையை விட்டாள். சோறு வரும், கறி வரும், கதை வராது. இதை நீ மனதில் வைத்துக்கொள், பின்னால் வந்த கரைச்சல் எல்லாம் இதனாலேதான்.

கத்தி சரி, பிடிதான் சந்தேகம். பட்டினத்துக் கந்தோரில் நான் இருந்த காலத்துச் சிநேகிதர் செபநாயகம் குருநகரில் இருக்கிறார், ஈரக் கையோடு கத்தி பிடிக்கிறதிலே அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் தன் கையைக் கடற்தண்ணீரில் தோய்த்துக் கத்தியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார், அது பறந்துபோய் வள்ளத்துக்குள் விழுந்தது. பிறகு அவரே வலைக்குப் போடுகிற நைலோன் நூலை எடுத்துப் பிடி முழுக்க நெருக்கிச் சுற்றித் தந்தார். இப்போது எண்ணெய்க் கையால் பிடித்தாலும் விடாது. உறைக்கு என்னுடைய உத்தியோகக் காலத்து இடுப்புப் பட்டியை வெட்டித் தைப்பித்தேன். முப்பத்தொரு வருசம் அந்தப் பட்டிதான் என்னைத் தாங்கியது, இனி அவனைத் தாங்கட்டும்.

கத்தியைத் தபாலில் போட ஏலாது. எத்தனை பேரின் பொதியை இதே காரணத்துக்காக நானே திருப்பிக் கொடுத்தவன். நல்லவேளையாக, பரமலிங்கம் மாஸ்டர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சிங்கப்பூர் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தபாலட்டை போட்டேன். தபாலட்டையை வழியில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? அதனால் கத்தி என்று எழுதாமல், மருமகனுக்கு ஒரு சாமான் என்று மட்டும் எழுதினேன். வெறும் கத்தியோடு நெல்லியடிக்குப் பஸ் ஏறினால் வழியில் யாரும் மறித்துக் கேட்பார்களே என்று, விழுந்த கதலிக் குலையையும் தோளில் வைத்துக்கொண்டேன். குலையோடு போகிற கிழவனின் கத்தியை யாரும் சந்தேகிப்பதில்லை. உள்ளபடியே யாரும் கேட்கவில்லை.

இனித்தான் கதை. கத்தியை ஆளின் கையில் நேரே கொடுத்தால் உறவு முறியும் என்பது உனக்கும் தெரியும்தானே. கீழே வைக்க வேண்டும், மற்றவர் தானாக எடுக்க வேண்டும். நான் முறை தவறாமல் கத்தியையும் குலையையும் மாஸ்டரின் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் வைத்து, இதுதான் சாமான் என்று கையைக் காட்டினேன். பயணம் போகிறவர் முன்னால் கத்தி என்று வாயால் சொல்வது அழகில்லை என்று அந்தச் சொல்லையும் விட்டுவிட்டேன். அவர் குலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போயிற்று, ஆனாலும் மரியாதையான மனுசன், “ஓம், கொண்டு போறன்” என்றார். தேத்தண்ணி குடித்து, இரண்டு பஸ் மாறி, பெரிய கடமை முடித்த சந்தோசத்தில் வீடு வந்து சேர்ந்தேன். ஞானேந்திரனுக்கும் கத்தி வருகிறது என்று எழுதிப்போட்டேன்.

ஐந்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டில் பூசணிக்காய்க் கறி. துண்டெல்லாம் அளந்து வெட்டினதுபோல ஒரே அளவு. சாப்பாடு முடிந்து கை கழுவப் போகும்போது குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். பூசணிப் பாதிக்குள் நட்டுக்கொண்டு நிற்குது, நைலோன் பிடி போட்ட கத்தி! பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நடந்தது என்னவென்றால், மாஸ்டரின் மனைவி மகாதேவி முதல்நாள் இணுவில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், போஸ்ட்மாஸ்டர் குலை வெட்டின கத்தியை மறந்துவிட்டுப் போயிட்டார் என்று கொண்டு வந்திருக்கிறார். அவரும் முறை தவறாதவர், நம்முடைய விறாந்தைத் திண்ணைக் குந்தில் வைத்துவிட்டு, கிணற்றடியில் நின்ற உன்ரை மச்சாளுக்கு வைச்சிட்டன் என்று சொல்லிப் போயிருக்கிறார். இவள் நான் இன்னொன்று செய்வித்தேனாக்கும் என்று நினைத்துக் குசினிக்கு எடுத்துவிட்டாள். என்னிடம் கேட்டிருப்பாள், கதை இல்லையே.

மாஸ்டரின் கொழும்பு பஸ் பட்டினத்தில் இரண்டரைக்கு. மணி ஒன்றே முக்கால். கத்தியைக் கழுவி உறையில் போட்டு, சைக்கிளில் ஏறி மிதித்தேன் பார், அறுபத்திரண்டு வயதில் அப்படி மிதித்தவன் இந்தக் குடாநாட்டில் இருக்கமாட்டான். நான் போய்ச் சேர பஸ் அசைகிறது. ஜன்னலோரம் மாஸ்டர், மடியிலே சாக்கில் சுற்றின குலை. என்னைக் கண்டதும், குலை பத்திரமாக இருக்குது, நீங்கள் ஏன் சிரமப்பட்டு வந்தனீங்கள் என்கிறார். பழுத்து மணம் ஆளைத் தூக்குது. விமானத்தில் இதை எப்படி ஏற்றுவது என்று ஐந்து நாளாக நித்திரை இல்லையாம், பாவம். நான் கத்தியைக் காட்டி, சாமான் இதுதான் என்று கத்தினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். பிறகு முறை ஞாபகம் வந்து மடக்கினார்.

“கீழை வையுங்கோ, போஸ்ட்மாஸ்டர்!”

கீழே எங்கே வைப்பது? பஸ் ஓடுது, சைக்கிளைப் போட்டுவிட்டு நானும் ஓடுகிறேன், கீழே தார் றோட்டு. பத்தொன்பது வருசம் என் மனதில் வந்து நின்றது, பத்மா.

“மாஸ்டர், அவன் என்ரை மருமோன். பிடியுங்கோ. சண்டை வந்தால் திரும்பி வந்து போடுவம்.”

அவர் கையில் வைத்து அவர் விரலையும் நானே மடக்கிவிட்டேன். அவர் மறுகையால் குலையை வெளியே தள்ள, நான் ஏந்திக்கொண்டேன். பஸ் போயிற்று. நடு றோட்டில் குலையோடு நின்று சிரித்தேன், பார்த்த சனமும் சிரித்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்ல உன்ரை மச்சாளும் சிரிப்பை அடக்கமாட்டாமல் கதைக்கத் தொடங்கிவிட்டாள். பதினெட்டு நாளாகச் சேர்த்து வைத்ததை ஒரே பின்னேரத்தில் கதைத்து முடித்தாள். பழம் தேன் மாதிரி.

ஆகவே கத்தி வந்து சேர்ந்ததும், மாமன் தெரிந்து அனுப்பியது என்று சொல்லி ஞானேந்திரனிடம் கொடு. நீயாவது கீழே வைத்துக் கொடு. மச்சானுக்கு என் அன்பு. முருகன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், காட்டுக்குப் போகிற பிள்ளையைக் கீறல் படாமல் வீட்டுக்குக் கொண்டு வரட்டும்.

அன்புள்ள அண்ணன்,
இராசநாயகம்.

பி.கு.: இதை ஒட்டப் போகிற நேரம் தபாற்காரன் ஞானேந்திரனின் கடிதம் கொண்டு வந்து தந்தான். சொந்தக் கத்தி கொண்டுபோகப் பட்டாளத்தில் விடமாட்டார்களாம். அதோடு அவனைக் காட்டுக் காவலுக்கு எடுக்கவில்லையாம், சமையல் பகுதிக்குப் போட்டுவிட்டார்களாம். புரூணையில் தேங்காய் மலிவாம், ஆனால் துருவ நல்ல துருவலை ஒன்று இல்லையாம். இதை மாமி தெரிஞ்சு அனுப்பட்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறான். உன்ரை மச்சாள் அந்த வரியை என்னைக் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தாள். இப்போது கூறைச்சீலை உடுத்துக்கொண்டு ஆசாரியார் பட்டறைக்குப் புறப்பட்டு நிற்கிறாள். நானும் போகிறேன். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டுமாம், வாய் திறக்கக்கூடாதாம்.